பழவேற்காடு ஏரித் தீவுப் பகுதி

பழவேற்காடு ஏரித் தீவுப் பகுதி என்பது தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்திலும் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியையும், அதனுள்ளும் அதன் கடலோர விளிம்பிலும் அமைந்த தீவுகளையும், ஆரணியாறு கடலை நெருங்கும் கழிமுகத்தையும் சேர்த்துக் குறிக்கும். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இதுவாகும். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 50 முதல் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதால், காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய சுற்றுலா இடமாகப் பலராலும் கருதப்படுகிறது.

தொலைவு குறைவு என்பதால் இப்பயணம் எளிதானது என்று எண்ணுவது பொதுவான தவறு. இங்கே ஒரு நாளின் போக்கைத் தீர்மானிப்பது சாலை அன்று, நீர். பருவம், காற்று, ஏற்றவற்றம், முகத்துவாரத்தின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து ஒரே இடம் பறவைகள் நிறைந்த அமைதியான நீர்ப்பரப்பாகவும், சேறு வெடித்த வெளியாகவும், உயிருக்கு ஆபத்தான நீரோட்டமாகவும் மாறுகிறது. இப்பகுதியின் இயல்பையும், மேற்குப் புறநகரிலிருந்து ஒரு நாள் பயணம் மேற்கொள்வோர் அதற்கேற்பத் திட்டமிடும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்

வேல மரங்கள் அடர்ந்த காடு வேற்காடு எனப்பட்டது. பழைய வேற்காடு என்னும் பொருளில் பழவேற்காடு என்ற பெயர் அமைந்ததாகக் கொள்ளப்படுகிறது. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள திருவேற்காட்டின் பெயரிலும் இதே சொல் உள்ளது. கடற்கரையிலிருந்து உள்நாடு வரை இம்மரங்கள் பரவியிருந்த காலத்தை இவ்விரு ஊர்ப்பெயர்களும் நினைவூட்டுகின்றன. ஐரோப்பியர் இவ்வூரைப் பலியாகட்டா, புலிகட் என்று பலவாறாக எழுதினர். ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் புலிகாட் என்னும் பெயர் அதன் வழிவந்ததே. அதற்கும் புலிக்கும் தொடர்பில்லை.

அமைவிடமும் நீரின் இயல்பும்

ஏரி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. அகலம் சில நூறு மீட்டரிலிருந்து 17 கிலோமீட்டர் வரை மாறுபடுகிறது. பருவத்துக்கு ஏற்ப நீர்ப்பரப்பு சுருங்கி விரிவதால் இதன் பரப்பளவு நூலுக்கு நூல் வேறுபடுகிறது. 250 முதல் 450 சதுர கிலோமீட்டர் வரை என்பது பரவலாகக் கூறப்படும் அளவாகும். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தெற்கு முனையும் அதை ஒட்டிய சிறு பகுதியும் தமிழ்நாட்டிலும் உள்ளன.

தெற்கில் ஆரணியாறும் வடமேற்கில் காளங்கி ஆறும் ஏரியில் கலக்கின்றன. ஆரணியாறு மேற்குப் புறநகர் மக்களுக்குப் புதியது அன்று. சுருட்டப்பள்ளி சிவன் கோயிலுக்கும் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்கும் செல்வோர் காணும் ஆறு இதுவே. ஆந்திர மலைப்பகுதியில் தோன்றி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக வந்து பழவேற்காட்டில் முடிகிறது. பூண்டியிலிருந்து வரும் கொசத்தலையாறு இதற்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் கடலை அடைகிறது. இரண்டு கழிமுகங்களுக்கும் இடையில், கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டில்தான் காட்டுப்பள்ளி உள்ளது.

ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையில் தடுப்புபோல் அமைந்துள்ள நீண்ட தீவு ஸ்ரீஹரிக்கோட்டா ஆகும். அதன் தென்முனையை ஒட்டி, பழவேற்காடு ஊருக்கு அருகில், ஏரியைக் கடலுடன் இணைக்கும் முகத்துவாரம் உள்ளது. ஏரியின் உயிர் இந்த வாயிலில் இருக்கிறது என்று கூறினால் மிகையாகாது. கடலிலிருந்து இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் இதன் வழியாகவே ஏரிக்குள் வந்து வளர்கின்றன. மீனவர் படகுகள் கடலுக்குச் செல்வதும் இதன் வழியாகவே. கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் இங்கே படிந்துகொண்டே இருப்பதால், ஆற்று வரத்து நின்ற கோடை மாதங்களில் வாய் குறுகும்; சில ஆண்டுகளில் அடைபட்டும் போகும். மழைக்காலத்தில் வெள்ளம் அதை மீண்டும் உடைத்துத் திறக்கும். இதை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவரின் நெடுநாள் கோரிக்கையாகும்.

உப்பின் அளவும் இவ்வாறே ஏறி இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று நீர் நிறைந்து ஏரியின் சில பகுதிகள் ஏறத்தாழ நன்னீராகிவிடுகின்றன. கோடையின் இறுதியில், நீர் ஆவியாகி எஞ்சியது கடல்நீரைவிட உவர்ப்பாகிவிடுகிறது. ஒரே ஆண்டுக்குள் இத்தகைய மாற்றத்தைத் தாங்கும் உயிரினங்களே இங்கே நிலைக்கின்றன.

ஆழமின்மையும் ஆபத்தும்

சராசரி ஆழம் ஒரு மீட்டர் என்று அறிந்தவர்கள், மூழ்க முடியாத ஏரி என்று கருதுவதுண்டு. சராசரி என்பது இங்கே ஏமாற்றும் சொல். பரந்த சேற்றுப் பரப்புகளில் முழங்கால் அளவே நீர் இருக்க, முகத்துவாரத்தை நோக்கிச் செல்லும் ஓடைகள் பல மடங்கு ஆழமானவை. சென்னைக் கடற்கரையில் ஏற்றவற்றத்தின் வீச்சு ஒரு மீட்டர் அளவே ஆனாலும், பரந்த ஏரியின் நீர் முழுவதும் குறுகிய வாய் வழியாக வெளியேற வேண்டியிருப்பதால், வற்றத்தின்போது அங்கே நீரோட்டம் விசைகொள்கிறது. கடலிலிருந்து வரும் அலை, வெளியேறும் நீரோட்டத்தை எதிர்கொள்ளும் இடத்தில் உயர்ந்து உடைகிறது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு இது அழகிய காட்சி. ஆட்கள் நிரம்பிய சிறு படகுக்கு அது கவிழும் இடம்.

2011 ஆம் ஆண்டு திசம்பர் 25 அன்று, கிறித்துமசு விடுமுறையில் பழவேற்காட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து 20 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். பயணிகளுக்கு மிதவை அங்கிகள் அளிக்கப்படவில்லை என்று அப்போது செய்திகள் வெளியாயின. மீன்பிடிப் படகுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்கு இதன் பின்னர் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. ஆயினும் கரையில் நிற்பவரிடம் சவாரிக்கு அழைப்பு விடுப்பது அடியோடு நின்றுவிடவில்லை.

இத்தகைய விபத்துகள் பழவேற்காட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று கேரளத்தின் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்தனர். விடுமுறை நாள், மிகுதியான கூட்டம், அணியப்படாத மிதவை அங்கி ஆகியவை இவ்விபத்துகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

எனவே படகுப் பயணத்தை மையமாக வைத்துப் பழவேற்காட்டுப் பயணத்தைத் திட்டமிடுதல் பொருத்தமன்று. அரசின் அனுமதி பெற்ற சவாரி அன்றைய நாளில் நடைபெறுகிறதா என்று உள்ளூர் காவல் நிலையத்திலோ வனத்துறையினரிடமோ கேட்டறிந்து, ஒவ்வொருவருக்கும் மிதவை அங்கி தரப்பட்டால் மட்டுமே ஏற வேண்டும். அனுமதி பெற்ற படகாயினும் முகத்துவாரத்தின் பக்கம் செல்லுமாறு படகோட்டியை வற்புறுத்தலாகாது. படகுச் சவாரியே நோக்கம் எனில், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுக் குழாம் நடத்தும் முட்டுக்காடு அருகிலுள்ள மாற்றிடமாகும். அக்கழகத்தின் படகுகள் இயங்கும் பிச்சாவரம் சதுப்புநிலக் காடும் தீவுகள் நிறைந்ததே. ஆனால் ஆவடியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளதால் ஒரு நாளில் சென்று திரும்புவது அலுப்பூட்டும்.

பயணத்துக்கு ஏற்ற காலம்

திசம்பர் நடுப்பகுதி முதல் பெப்ரவரி இறுதி வரையிலான காலமே மிகவும் ஏற்றது. மழை ஓய்ந்து, ஏரியில் நீர் நிறைந்து, வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் மாதங்கள் இவை. வெயிலும் தாங்கக்கூடியது.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாவது வழக்கம். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கும் நாளில் சுற்றுலாப் பயணிகளும் இப்பகுதியைத் தவிர்ப்பதே முறை. சாலையும் தடைபடலாம். 2015, 2021 ஆகிய ஆண்டுகளின் பெருமழையில் பொன்னேரி வட்டத்தில் ஆரணியாற்றுக் கரையோர ஊர்கள் வெள்ளத்தால் சூழப்பட்டன. ஏப்ரல் முதல் சூன் வரை வெப்பமும் உவர்ப்பும் மிகுந்து, பல இடங்களில் சேற்றுப் பரப்பே எஞ்சுகிறது. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்குக் கடல் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீன் வரத்தும் குறையும். ஏரியில் சிறு படகுகளில் மீன்பிடிப்போர் இத்தடைக்குள் வருவதில்லை.

நாளின் எப்பகுதியில் செல்வது என்பதும் முக்கியமானது. விடியற்காலையில் நிலக்காற்று மெலிந்து வீசுவதால் நீர்ப்பரப்பு சமமாக இருக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் ஏரியில் சிற்றலைகள் தோன்றும், ஒளி கூசும், பறவைகளும் கரையை விட்டு விலகிவிடும். காலை 7 மணிக்குள் ஏரிக்கரையை அடைபவர் காணும் பழவேற்காடும், 11 மணிக்கு வந்து இறங்குபவர் காணும் பழவேற்காடும் வேறு வேறு.

செல்லும் வழி

சாலை வழியாகச் செல்வோர் அம்பத்தூர் அல்லது ஆவடியிலிருந்து செங்குன்றத்தை அடைந்து, கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் காரனோடை வழியாகத் தச்சூர் கூட்டுச்சாலை வரை சென்று, கிழக்கே திரும்பிப் பொன்னேரியை அடையலாம். காரனோடைப் பாலத்தில் கொசத்தலையாற்றைக் கடக்க நேரும். பூந்தமல்லியிலிருந்து வருவோருக்கு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வசதியானது. பூந்தமல்லி அருகே நசரத்பேட்டையிலும், ஆவடிப் பக்கம் நெமிலிச்சேரியிலும் அதில் ஏறலாம். மீஞ்சூரிலிருந்து வடக்கே பொன்னேரி அண்மையில் உள்ளது. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆகும். இவ்வழியில் உள்ள திருப்பாலைவனம் என்னும் ஊரில் பழமையான சிவன் கோயில் ஒன்று உண்டு. எண்ணூர், காட்டுப்பள்ளி வழியாகவும் கடலோரச் சாலை ஒன்று பழவேற்காட்டுக்கு வருகிறது. கடல் சீற்றம் மிகும்போது இச்சாலையில் நீரும் மணலும் ஏறிவிடுவதால் புதியவர்கள் இதை நம்பிப் புறப்படுவது நன்றன்று.

தொடர்வண்டியில் செல்வோர் ஆவடி அல்லது அம்பத்தூரில் சென்னை நோக்கிச் செல்லும் புறநகர் வண்டியில் ஏறி, பேசின் பாலம் சந்திப்பில் இறங்கி, கும்மிடிப்பூண்டி மார்க்க வண்டியில் மாறிப் பொன்னேரியில் இறங்க வேண்டும். நிலப்படத்தில் பார்த்தால் இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போன்றது. எனினும் செலவு மிகக் குறைவு. பூந்தமல்லியில் புறநகர்த் தொடர்வண்டி நிலையம் இல்லாமையால் அங்குள்ளோர் பேருந்தில் ஆவடிக்கு வர வேண்டும். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்துகள் உள்ளன. திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கியவுடன் கேட்டு வைத்துக்கொள்வது பயன்தரும்.

பொன்னேரியே வழியில் உள்ள கடைசிப் பெரிய ஊர். பணம் எடுத்தல், மருந்து வாங்குதல், வாகனத்துக்கு எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். பழவேற்காட்டில் தங்கும் விடுதிகள் குறைவு. குடிநீர், தொப்பி, தொலைநோக்கி ஆகியவை கையில் இருத்தல் நலம். தொலைநோக்கி இல்லாதவருக்குப் பூநாரைகள் அடிவானத்தில் ஒரு வெண்கோடாக மட்டுமே தெரியும்.

பறவைகள்

ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 ஆம் ஆண்டு பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஆந்திரப் பகுதியும் தனிப் புகலிடமாகும். பூநாரை, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கொக்கு, உள்ளான், ஆலா, வாத்து வகைகள் ஆகியன இங்கே காணப்படுகின்றன. இவற்றுள் பூநாரையே ஏரியின் அடையாளமாகிவிட்டது. நீண்ட கால்களுடன் ஆழமற்ற நீரில் நின்று, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, சேற்றோடு நீரை உறிஞ்சி வடிகட்டி, நுண்பாசிகளையும் சிற்றுயிர்களையும் உண்கிறது. அவ்வுணவிலுள்ள நிறமியே அதன் இறகுக்கு இளஞ்சிவப்பு நிறத்தைத் தருகிறது. மிகுதியாக மழை பெய்து ஏரி நிரம்பித் ததும்பினால் பூநாரை நிற்பதற்கான ஆழமற்ற இடம் குறைந்துவிடும். நீர் வடிந்த பின்னரே அவை பெருமளவில் கூடும். நல்ல மழை பெய்த ஆண்டில் திசம்பரில் வந்து ஏமாற்றத்துடன் திரும்புவோர், சனவரி இறுதியில் மீண்டும் வந்தால் காணக்கூடும்.

தமிழ்நாட்டுக் கரையில் அண்ணாமலைச்சேரி பறவை காண்போர் நாடும் இடமாகும். ஊரிலிருந்து விலகி ஏரியின் மேற்குக் கரையில் உள்ளதால் இரைச்சல் குறைவு. அடர் நிற ஆடை அணிந்து, ஒரே இடத்தில் அமர்ந்து காத்திருப்பதே சிறந்த முறை. கூட்டத்தைப் பறக்கவைத்து ஒளிப்படம் எடுக்கும் பழக்கம் கண்டிக்கத்தக்கது. நெடுந்தொலைவு வலசை வந்த பறவை ஒவ்வொரு முறை எழும்போதும் தான் சேர்த்த ஆற்றலை இழக்கிறது.

மீனவரும் பாடு முறையும்

ஏரிக்கரையில் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது நீரில் வரிசையாக ஊன்றப்பட்ட கழிகளாகும். அவற்றைக் கைவிடப்பட்ட கம்பங்கள் என்று பலர் கருதுகின்றனர். அவை வலை கட்டும் கழிகள். அவற்றுக்குப் பின்னால் தலைமுறைகளாக நடைபெறும் ஓர் ஒழுங்குமுறை உள்ளது.

இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் ஏரியில் சிலவே. நீரோட்டம் வலுவாக உள்ள முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளே அவை. எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். எனவே பாடு எனப்படும் முறையின்படி, மீன்பிடி இடங்கள் ஊர்களுக்கிடையேயும், ஊருக்குள் குடும்பங்களுக்கிடையேயும் முறை வைத்துச் சுழற்சியாகப் பங்கிடப்படுகின்றன. இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை வேறிடம் செல்வார். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் இம்முறையில் நெடுங்கால உரிமை உடையவை. எழுதப்பட்ட சட்டம் ஏதுமின்றி, ஊர்க்கூட்டத்தின் தீர்ப்பாலேயே இது நடைபெற்று வந்துள்ளது. பொதுச் சொத்தை மக்களே காத்துப் பகிர்ந்துகொள்வதற்கான எடுத்துக்காட்டாக ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர். ஆயினும் பாட்டில் உரிமை பெறாத பிற சமூகத்தினர் நல்ல இடங்களுக்கு வெளியே நிற்கின்றனர் என்பது இம்முறையின் மறுபக்கமாகும். இருளர் சமூகத்தைச் சேர்ந்த பெண்கள் வலையோ படகோ இன்றி, ஆழமற்ற நீரில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்பதை இங்கே காணலாம்.

வலை அறுந்தால் அந்தக் குடும்பத்தின் முறைநாள் வீணாகிறது. பாடு முறையை அறிந்தவருக்கு, கழிகளின் நடுவே உல்லாசப் படகு விடுவதை மீனவர் ஏன் வெறுக்கின்றனர் என்பது விளங்கும்.

காலையில் கரைக்கு வரும் படகுகளிலிருந்து இறால், நண்டு, மடவை, கொடுவா முதலியன ஏலம் விடப்படுகின்றன. பழவேற்காட்டு நண்டு வெளிநாடுகளுக்கும் செல்கிறது. மீன் வாங்கிச் செல்ல விரும்புவோர் பனிக்கட்டியுடன் கூடிய பெட்டியைக் கொண்டுவருவது நன்று. இல்லாவிடில், வாங்கிய மீனுடன் ஊரைச் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தைக் கைவிட நேரும்.

ஊரின் வரலாற்றுச் சின்னங்கள்

பயணிகள் பலர் கடற்கரையோடு திரும்பிவிடுகின்றனர். உண்மையில் ஒரு முற்பகல் முழுவதையும் ஊருக்குள் செலவிட இடமுண்டு. 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் இங்கே வந்தனர். 1515 இல் தொடங்கப்பட்டதாகக் கூறப்படும் மகிமை மாதா ஆலயம் அவர்களது வழிவந்தது. இப்போதுள்ள கட்டடம் அண்மைக் காலத்தது.

அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), விசயநகர அரசின் இசைவுடன் 1610 இல் வணிக நிலையம் அமைத்து, 1613 இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் அது வழங்கப்பட்டது. 1690 இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமை நிலையம் பழவேற்காடே. இங்கிருந்து துணி ஏற்றுமதியானது, வெடிமருந்தும் செய்யப்பட்டது. கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு ஐரோப்பியச் சந்தையில் இவ்வூரின் பெயரே வழங்கியது. அதே துறையிலிருந்து 17 ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் போராலும் வறுமையுற்ற மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக பத்தேவியாவுக்கு (இன்றைய சகார்த்தா) அனுப்பப்பட்டனர். கோட்டையின் புகழைப் பேசும் பல சுற்றுலாக் குறிப்புகள் இதைச் சொல்வதில்லை.

சென்னை நகரின் தோற்றத்துக்கும் பழவேற்காட்டுக்கும் தொடர்புண்டு. இங்கே ஒல்லாந்தரின் ஆதிக்கத்தில் இடம்பெற முடியாத ஆங்கிலேயர், ஏரிக்கு வடக்கே துகராசப்பட்டினத்தில் 1626 இல் நிலையம் அமைத்தனர். அதுவும் வளம் தராததால் தெற்கே வேறிடம் தேடிய பிரான்சிசு டே, 1639 இல் சென்னைக் கரையைத் தேர்ந்தெடுத்தார். 1825 இல் பழவேற்காடும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றபோது, அது சென்னையின் நிழலில் ஒரு சிற்றூராகச் சுருங்கியிருந்தது.

கோட்டையில் இன்று அகழியும் புதர் மண்டிய சிதைவுகளுமே எஞ்சியுள்ளன. ஆனால் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பிலுள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் காணத்தக்கது. நுழைவாயிலின் இரு பக்கமும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே டச்சு மொழிக் கல்வெட்டுகளும் குலச்சின்னங்களும் பொறித்த கற்பலகைகள் உள்ளன. ஆதிநாராயணப் பெருமாள் கோயில், சமயீசுவரர் கோயில், அரபு வணிகர் வழிவந்த முசுலிம் மக்களின் பள்ளிவாசல்கள் ஆகியன நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. பெண்கள் பனையோலையில் பின்னும் கூடைகளும் பெட்டிகளும் இவ்வூரின் கைவினைப் பொருள்களாகும்.

ஊரிலிருந்து பாலத்தைக் கடந்தால் கலங்கரை விளக்கமும் மீனவர் குப்பங்களும் உள்ள கடலோர மணல்திட்டை அடையலாம். கடற்கரை அழகானது, குளிப்பதற்கு உரியது அன்று. முகத்துவாரத்துக்கு அருகில் நீரோட்டத்தின் இழுப்பு வலியது.

தீவுகள்

தீவுகளுள் பெரியதான ஸ்ரீஹரிக்கோட்டாவில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஏவுதளம் உள்ளது. 1980 சூலை 18 அன்று எசு.எல்.வி-3 ஏவுகலம் இங்கிருந்தே ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியது. இது பாதுகாக்கப்பட்ட பகுதி. அனுமதியின்றி நுழைய இயலாது. ஏவுதல் நடைபெறும் நாளில் பழவேற்காட்டுக் கடற்கரையிலிருந்தே ஏவுகலம் எழுவதைக் காணலாம். அன்று மீனவர் கடலுக்குச் செல்லக் கட்டுப்பாடு விதிக்கப்படும்.

இருக்கம், வேநாடு ஆகியவை ஏரிக்குள் உள்ள மக்கள் வாழும் தீவுகள். இரண்டும் ஆந்திரப் பகுதியைச் சேர்ந்தவை. இருக்கம் தீவினர் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் படகையே நம்பி வாழ்வோருக்கு நீர்வழி என்பது பொழுதுபோக்கு அன்று. பேறுகாலப் பெண்ணையும் நோயாளியையும் இரவில் கரைசேர்க்க வேண்டிய நிலை அவர்களுடையது. சுற்றுலாப் பயணிகள் இத்தீவுகளுக்குச் செல்வதாயின் பழவேற்காட்டிலிருந்து ஏரியை நெடுக்காகக் கடப்பதைவிட, தடை, ஆரம்பாக்கம் பக்கமாகச் சென்று மக்கள் பயன்படுத்தும் துறையை விசாரித்தறிவது பொருத்தமானது. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

நாளின் ஒழுங்கு

மேற்குறித்தவற்றைக் கொண்டு பார்த்தால், ஆவடியிலிருந்து காலை 5 மணிக்குப் புறப்படும் குடும்பம் விடிந்த சிறிது நேரத்தில் ஏரிக்கரையை அடையலாம். முதலில் பறவை, அடுத்து மீன் ஏலம், வெயில் ஏறும்முன் கல்லறைத் தோட்டமும் கோயில்களும் பள்ளிவாசல்களும் என்ற வரிசை பொருந்தும். நண்பகல் உணவுக்குப் பின் கலங்கரை விளக்கப் பக்கம் சென்று, மாலை 4 மணி அளவில் திரும்பினால் இருட்டுவதற்குள் வீடு சேரலாம். சிறு பிள்ளைகளுடன் வருவோர் பட்டியலில் பாதியை விட்டுவிடலாம். விடியற்காலையை மட்டும் விடலாகாது.

பறவைகளை மட்டுமே நோக்கமாகக் கொண்டவர்கள் சூலூர்பேட்டை வழியைத் தேர்ந்தெடுக்கலாம். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டா செல்லும் சாலை ஏரியின் குறுக்கே அமைந்திருப்பதால், படகின்றியே இருபுறமும் நீரில் நிற்கும் பூநாரைகளைக் காண முடியும். அருகிலுள்ள நேலப்பட்டுப் பறவைகள் புகலிடத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. சனவரி மாதத்தை ஒட்டி ஆந்திர அரசு அங்கே பூநாரைத் திருவிழா நடத்துவதுண்டு. அந்நாள்களில் கூட்டம் மிகுதியாதலால், அமைதியாகக் காண விரும்புவோர் விழாவுக்கு முன்போ பின்போ செல்வர்.